சீனக் குடுவையும் இரண்டாம் சூளையும்

எனாமல் என்றதும் நம்மில் பலருக்குப் பழைய எனாமல் தட்டே நினைவுக்கு வரும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, உருக்கிப் படியவைத்தது அது. சீனர் அவ்வேலையைப் பீங்கானின்மேல் செய்தனர். அக்குடுவைகளைக் காணச் செல்லும் நண்பர்கள், வண்ணம் எவ்விடத்தில் நிற்கிறது என்பதையும் நோக்கவேண்டும்.

எங்கள் கோபாலபுரத்திலிருந்து பாலக்காடு வழியே கொச்சிக்குச் சென்றால், மட்டாஞ்சேரி யூதர் ஆலயத்தின் தரையில் 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகளைக் காணலாம். எத்தனையோ கால்கள் பட்டும் அவற்றின் நீலம் நிலைத்திருக்கிறது. இவ்வகை வேலையில் கோபால்ட் நீலத்தைத் தீட்டி, அதன்மேல் மெருகு பூசிச் சுடுவார்கள். வண்ணம் கண்ணாடிக்கு அடியில் தங்கிவிடுகிறது.

பீங்கான் சுடும் வெப்பமோ ஏறத்தாழ 1300 பாகை. அதைத் தாங்கும் வண்ணங்கள் மிகச் சில. ஆகவே பல நிறம் வேண்டிய சீனக் கைவினைஞர், வெண்குடுவையை மெருகோடு சுட்டு முடித்தபின், ஈயக் கண்ணாடிப் பொடியில் உலோக ஆக்ஸைடுகளைக் கலந்து மேலே தீட்டி, 700 முதல் 850 பாகை வரையில் மீண்டும் சுட்டனர். தாமிரம் பச்சையையும், இரும்பு செம்மையையும், மாங்கனீஸ் ஊதாவையும் தந்தன.

இரசாயனம் படிப்பவனாகிய எனக்கு வியப்பளிப்பது ரோஜா நிறமே. 1720-ஐ ஒட்டி வந்த இந்நிறத்தின் மூலப்பொருள் தங்கம்! கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாகப் பிரிந்த தங்கம் மஞ்சளாக இராது, சிவந்து நிற்கும். ஆர்ஸெனிக் கலந்த வெள்ளைப் பூச்சும் அப்போது கைவந்ததால், ஓர் இதழையே அடர்சிவப்பிலிருந்து வெளிர்நிறம்வரை படிப்படியாகக் குழைத்துத் தீட்ட முடிந்தது.

குடுவைகளில் வௌவாலும் பறக்கும். நம்மூரில் மங்கலத்துக்கு யார் வௌவாலை வரைவார்? சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி ஒன்றே, ‘ஃபூ’. பீச் கனி நீண்ட ஆயுளுக்கு அறிகுறி.

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் சீனப் பீங்கான்கள் உண்டு. பலநிறக் குடுவை எதையேனும் காண நேர்ந்தால், சற்றுச் சாய்ந்து நின்று பாருங்கள். வண்ணம் மெருகின்மேல் மெல்லப் புடைத்திருக்கும். கைபட்ட இடங்களில் தேய்ந்தும் இருக்கும்.

மேலே இருப்பதால் தேய்வது மட்டுமன்று. ஈயக் கண்ணாடிக்குப் புளிப்பும் பகை. வீட்டில் இத்தகைய பழங்கிண்ணம் இருப்பின், பித்தளையைத் துலக்குவதுபோல் புளியிட்டுத் துலக்கவேண்டா. அதில் மோரோ ஊறுகாயோ வைப்பதும் தீது. ஈயம் கரைந்து உணவில் சேரும். பச்சைப் பூச்சில் தாமிரம் இருப்பதால் அங்கே ஈயம் இன்னும் எளிதாகக் கரையும். ஊறுகாய்க்குத்தான் நம் பரணி இருக்கிறதே! கிண்ணத்துக்கு மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதே போதும்.