இரவுச் சாப்பாடும் தசைப் பலமும்

நெடுநாள் வேலையின்றி முகாமில் இருந்தவர் மீண்டும் மண்வெட்டி பிடிக்கும்போது கையும் முதுகும் விரைவில் சோர்ந்துவிடும். பயன்படுத்தாத தசை மெலிந்துபோவதே இதற்குக் காரணம். இழந்த பலத்தை மீட்க இரண்டு தேவை: படிப்படியாகக் கூட்டப்படும் வேலை, போதிய புரதம்.

நித்திரையில் நடப்பது என்ன?

பாரம் தூக்கும்போதும் மண் கொத்தும்போதும் தசைக்குக் களைப்பும் சிறு சிதைவும் ஏற்படுகின்றன. உடல் அதைத் திருத்திப் பலப்படுத்துவது பின்னர், ஓய்வு வேளையில். அதற்கான மூலப்பொருள் புரதம். இரவில் ஏழெட்டு மணிநேரம் நாம் எதுவும் உண்பதில்லை. வெறும் சோறும் சம்பலும் உண்டு படுத்தால் அந்த வேலைக்குப் பொருள் போதாது.

நெதர்லாந்திலுள்ள மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 44 இளைஞர்கள் 12 வாரம் பாரம் தூக்கிப் பயின்றனர். ஒரு பகுதியினர் தினமும் படுக்குமுன் 27.5 கிராம் புரதமுள்ள பானம் குடித்தனர். மற்றவர்களுக்குச் சத்தில்லாத பானம். முதற் பகுதியினருக்கே தசையும் பலமும் கூடுதலாக வளர்ந்தன. ஆனால் அவர்களுக்கு நாள் முழுவதற்குமான புரதமும் கூடவே கிடைத்தது. ஆகவே நேரத்தைவிட நாளின் மொத்த அளவே முக்கியம். நாள் முழுவதும் சோறும் குழம்புமாகப் போகும் வீட்டில், இரவு வேளை அக்குறையை நிரப்ப நல்ல தருணம்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பயறு, கௌபி, கடலை ஏதாவதொன்றை அவித்து உண்ணுங்கள். 50 கிராம் உலர்ந்த பயற்றில் சுமார் 12 கிராம் புரதம் உண்டு. சோற்றுப் புரதத்தில் உள்ள குறையைப் பயறும் பருப்பும் நிரப்பும்.
2. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. நாலைந்து கோழிகள் வளர்ப்பது நல்லது.
3. நெத்தலிக் கருவாடு சிறிதளவே போதும். சுடுநீரில் கழுவினால் உப்புக் குறையும்.
4. பலத்துக்கென்று விற்கும் விலைகூடிய மா வகைகள் தேவையில்லை.

சிறுநீரக நோயுள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

கடைசியாக உண்பவர் யார்?

பல வீடுகளில் தாய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய குழம்போடு உண்கிறாள். அவளும் தண்ணீர் சுமக்கிறாள், களை பிடுங்குகிறாள். பாலூட்டும் தாய்க்குப் புரதம் இன்னும் கூடுதலாக வேண்டும். வயது போகப் போகத் தசை தானாகவே குறைவதால் முதியவர்களுக்கும் இது அவசியம். பரிமாறுமுன்பே ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை எடுத்து வையுங்கள்.

கலந்துரையாட

• நேற்றிரவு உங்கள் வீட்டில் பயறு, முட்டை, மீன் யாருக்குக் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை?
• அடுத்த போகத்தில் வீட்டுத் தேவைக்கென ஒரு பாத்தி பயறோ கௌபியோ விதைக்க முடியுமா?