கடை அலாரம்: நேரம் அமைக்கும் முறை



பூட்டும் ஷட்டரும் மட்டும் போதாது என்று நம்மில் பலர் கடைக்கும் வீட்டுக்கும் அலாரம் பொருத்தியிருக்கிறோம். பொருத்தியவர் போன பிறகு அதன் நேர அமைப்பை எவரும் தொடுவதில்லை. கருவி நன்றாகவே இருக்கும். ஆனால் விழித்திருக்க வேண்டிய நேரத்தில் தூங்கும், தூங்க வேண்டிய நேரத்தில் கத்தும். ஆகவே, ரமணாசிரமம் பகுதிக் கடைகளை உதாரணமாக வைத்து, நேரம் அமைக்கும் முறையை இங்கே பாடமாகப் பார்ப்போம்.

திருடருக்கு நேரம் ஏது?

ரமணாசிரமத்தில் 1924-ஆம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி திருடர்கள் புகுந்து பகவானையே அடித்தார்கள். அப்போது மணி இரவு சுமார் 11.30. திருவண்ணாமலை நகரிலும் போளூர், கலசபாக்கத்திலுமாக 4 ஏ.டி.எம். இயந்திரங்களை கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்ச ரூபாய்க்கு மேல் கொள்ளையடித்தது 2023 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ஒன்று நள்ளிரவுக்கு முன், மற்றொன்று விடியலுக்கு முன். எனவே ‘12 மணி முதல் 4 மணி வரை’ என்று அலாரத்துக்கு நேரம் குறிப்பது சரியல்ல. பூட்டிய நிமிடம் முதல் திறக்கும் நிமிடம் வரை காவல் இருக்க வேண்டும்.

முதலில் கடிகாரம்

எல்லா நேர அமைப்புக்கும் அடிப்படை கருவியின் உள்ளே இருக்கும் கடிகாரம். மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்துவிட்டால் சில கருவிகளில் தேதியும் நேரமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீண்ட மின்தடைக்குப் பின் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. 24 மணிக் கணக்கில் நேரம் பதிவது குழப்பத்தைத் தவிர்க்கும். இரவு 10 மணி என்றால் 22.00. இல்லையேல் பகல் 12-க்கும் இரவு 12-க்கும் இடையே தவறு நேரும்.

கேமரா பதிவுப் பெட்டியின் கடிகாரமும் இதனோடு ஒத்திருக்க வேண்டும். திருட்டு நடந்தால் காவல் நிலையத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் நாம் காட்டப்போவது இந்தப் பதிவுகளைத்தான். இரண்டும் இரண்டு நேரம் காட்டினால் நம் கணக்கையே சந்தேகிப்பார்கள்.

நான்கு நேரங்கள்

1. வெளியேறும் அவகாசம்: எண்ணை அழுத்திய பின் நாம் வெளியே வந்து ஷட்டரை இறக்கும் வரை கருவி பொறுத்திருக்கும் நேரம். ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தபடி பூட்டிப் பாருங்கள். 40 விநாடி ஆனால் 60 விநாடி வைக்கலாம்.

2. நுழையும் அவகாசம்: ஷட்டரைத் தூக்கிய பின் எண்ணை அழுத்தக் கிடைக்கும் நேரம். இது 20 முதல் 30 விநாடி போதும். தாராளமாக வைத்தால் அந்த அவகாசம் திருடனுக்கும் கிடைக்கும். நாம் நுழையும் ஷட்டருக்கு மட்டுமே இதை வைக்க வேண்டும். பின்வாசல், குடோன் கதவு ஆகியவை தொட்டவுடன் ஒலிக்க வேண்டும்.

3. தானாக விழிக்கும் நேரம்: கடை 9.30-க்கு மூடினால் 22.00 என்று பதியலாம். இது மறதிக்கு மாற்று மட்டுமே. தினமும் கையால் இயக்கிவிட்டுப் போவதே முறை. தானாக விழிக்குமுன் சில நிமிடம் கூவி எச்சரிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார்.

4. சைரன் ஒலிக்கும் நேரம்: தியானத்துக்கு வருவோர் தங்கும் பகுதியில் விடிய விடிய சைரன் கத்தினால் அக்கம்பக்கத்தார் நம்மைத்தான் நொந்துகொள்வார்கள். 5 நிமிடத்தில் நின்று, மறுபடி அசைவு தெரிந்தால் மீண்டும் ஒலிக்கும்படி வையுங்கள். நமக்கும் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கும் போன் அழைப்பு போக வேண்டியது அவசியம்.

காலையில் தானாக அணையும் நேரம் என்று ஒன்றும் உண்டு. அதைப் பதியாதீர்கள். அன்று நாம் காய்ச்சலில் படுத்துவிட்டால், கடை பூட்டியிருக்கும், காவல் மட்டும் போய்விடும். வார விடுமுறை நாளிலும் இதே ஆபத்து. அணைப்பது எப்போதும் கையால்தான்.

நள்ளிரவைத் தாண்டும் கணக்கு

திங்கள் இரவு 22.00-க்குத் தொடங்கும் காவல் செவ்வாய் காலை 05.30-க்கு முடிகிறது. சில கருவிகள் இதை ஒரே வரியில் ஏற்காது. தொடக்கத்தைத் திங்களிலும் முடிவைச் செவ்வாயிலும் தனித்தனியே பதிய வேண்டும். பதிந்த பின் ஏழு நாட்களையும் வரிசையாகப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பௌர்ணமிக்கு என்ன செய்வது?

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. கருவிக்குத் தெரிந்தது ஆங்கிலத் தேதியும் கிழமையும்தான். பௌர்ணமியோ ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை, கிழமை மாறி மாறி வரும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்று இரவெல்லாம் வியாபாரம். பழைய நேரமே இருந்தால் கூட்டத்துக்கு நடுவே 22.00-க்கு அலாரம் விழித்துக்கொள்ளும். கடைப்பையன் எரிச்சலில் ஒயரைப் பிடுங்குவான். மறுநாள் மாட்ட மறப்பான். காவல் இல்லாத நாட்கள் இப்படித்தான் உருவாகின்றன.

புது வருடப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த ஆண்டின் பௌர்ணமி இரவுகளையும் கார்த்திகை தீப நாட்களையும் விடுமுறை அட்டவணையில் பதிந்துவிடுங்கள். திதி ஒரு நாள் மாலை தொடங்கி மறுநாள் வரை நீடிப்பதுண்டு. கூட்டம் வரும் இரவு எது என்பதைப் பார்த்துப் பதிய வேண்டும். அட்டவணை வசதி இல்லாத கருவியானால் அன்று மட்டும் நேரத்தைத் தள்ளிவையுங்கள். ஒயரைத் தொட வேண்டாம். விடிந்து கடையை மூடும்போது, பகலாக இருந்தாலும், கையால் இயக்குங்கள். இரவெல்லாம் விழித்தவர் அசந்து தூங்கும் அந்தப் பகலும் காவல் வேண்டிய நேரமே.

நேரத்துக்குக் கட்டுப்படாதவை

புகை உணர் கருவியும் ஆபத்துப் பொத்தானும் 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். அவற்றை நேர அட்டவணையில் சேர்க்கக் கூடாது.

வீண் ஒலி

மூட்டைமேல் ஓடும் எலி, ஓட்டுச் சந்தில் இறங்கும் குரங்கு, அணைக்காத மின்விசிறியில் ஆடும் சரம் சரமான பாக்கெட்டுகள், சாமி படத்தின் முன் எரியும் விளக்கு ஆகியவை அசைவு உணர் கருவியை ஏமாற்றக்கூடும். கருவியை இவற்றுக்கு நேராக வைக்காதீர்கள். ‘புலி வருது’ கதையாக நாலு முறை வீணாக ஒலித்தால், ஐந்தாம் முறை எவரும் எழுந்து வரமாட்டார்கள்.

பேட்டரியும் சோதனையும்

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி பரவலாகப் பயன்படுகிறது. கருவி 150 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்தால் கணக்குப்படி 46 மணி நேரம் தாங்க வேண்டும். பழைய பேட்டரி இதில் பாதிகூடத் தாங்காது. மாதம் ஒருமுறை மின் இணைப்பை நிறுத்தி, ஒவ்வொரு கதவையும் திறந்து சோதியுங்கள். அமாவாசையன்று கடை வாசலில் பூசணிக்காய் உடைக்கிறோமே, அன்றே இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

வேலையாட்களுக்குத் தனித்தனி எண் கொடுங்கள்; யார் எப்போது திறந்தார் என்பது பதிவில் தெரியும். ஒருவர் வேலையை விட்டு நின்றால் அவருடைய எண்ணை அன்றைக்கே நீக்குங்கள்.

கடையில் இருப்பது நம் முதல் மட்டுமல்ல. மொத்த வியாபாரி கடனாகத் தந்த சரக்கும் அதில் இருக்கிறது. அரைமணி நேரம் ஒதுக்கி இன்றே உங்கள் கருவியின் நேரங்களைச் சரிபாருங்கள்.