அட்டவணையும் உயிர்க்காவலும்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் நாம் காணும் புலி, 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையைச் சார்ந்தது. தாம்பரத்துத் தெருக்களில் நாள்தோறும் காணும் காகமோ ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவற்றைத் தீங்குயிர்கள் எனக் கொண்டு, அவற்றைக் கொல்வதைச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை. நம் ஆகமங்களின்படி புலியைப் போலவே இவையும் ஐம்பொறியுயிர்களே. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையை அறவே நீக்கியது. 2023 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

எனினும் அட்டவணைகள் நிலையானவை அல்ல. 61 ஆம் பிரிவின்படி நடுவண் அரசு அரசிதழ் அறிவிப்பு ஒன்றினாலேயே ஓர் உயிரினத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் ஏறின. மீனவர் வாழ்வு பாதிக்கப்படும் என எதிர்ப்பு எழவே, டிசம்பரில் சில இனங்கள் மட்டுமே எஞ்சின.

62 ஆம் பிரிவும் அன்பர்கள் அறியத்தக்கது. இதன்படி இரண்டாம் அட்டவணை விலங்கைக் குறித்த இடத்தில், குறித்த காலத்திற்குத் தீங்குயிர் என அறிவிக்கலாம். 2015 இறுதியில் பீகாரில் நீலமானும் காட்டுப்பன்றியும் இவ்வாறே அறிவிக்கப்பெற்றன. பயிரிழந்த உழவரின் துயர் பொய்யன்று. ஆயினும் அவ்வறிவிப்பு நீடிக்கும் வரை அவ்விலங்கை எவர் கொன்றாலும் இச்சட்டப்படி குற்றமாகாது.