குடியை விடத் தாய்லாந்து போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் படியுங்கள்!

"டாக்டர், தாய்லாந்துல ஒரு புத்த மடத்துல மூலிகைத் தண்ணி குடுத்து, வாந்தி எடுக்க வெச்சே குடியை நிறுத்திடறாங்களாமே... எங்க வீட்டுக்காரரை அனுப்பலாமா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. நான் சித்த மருத்துவன். 'மூலிகை' என்றதும் தலையாட்டி விடுவேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது!

அவர்கள் சொல்வது வாட் தாம் கிராபோக் மடத்தை. பாங்காக்குக்கு வடக்கே, சரபுரி மாகாணத்தில் இருக்கிறது. 1957-ல் உண்டான மடம். 1959-லிருந்து போதை நோயாளிகளைச் சேர்த்துக் கொள்கிறார்கள். அங்கே தலைமைப் பிக்குவாக இருந்த சாம்ரூனுக்கு 1975-ல் மகசேசே விருது கிடைத்தது. சிகிச்சையின் உயிர்நாடி 'சச்சா'. நம்முடைய சத்தியம்தான் அது. இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகே மருந்து. முதல் 5 நாள் தினமும் மூலிகைக் கஷாயம், அதன்மேல் வயிறு முட்டத் தண்ணீர், பிறகு வாந்தி. மூலிகை ஆவிக் குளியலும் உண்டு.

நம்முடைய தேரையர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வமனம் சொன்னார். அங்கேயோ அடுத்தடுத்து ஐந்து நாள். எல்லா உடம்பும் இதைத் தாங்காது. பல வருடம் குடித்துக் கல்லீரல் சுருங்கிப் போனவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொண்டிருக்கும். ஓங்கரிக்கும்போது அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வாந்தியில் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன் லிவர் டெஸ்ட், வயிற்று ஸ்கேன், ஈ.சி.ஜி., ரத்தத்தில் உப்புகளின் அளவு, டாக்டர் சொன்னால் எண்டோஸ்கோபி... இத்தனையும் பார்த்துவிடுங்கள். இதய நோய், வயிற்றுப் புண், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வழியே வேண்டாம். நம்மூரிலேயே நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. "நாளைக்கு ஃப்ளைட், இன்னியோட நிறுத்திடுங்க" என்று வீட்டில் சொல்வார்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு உயிரே போய்விடும். நடுவானில் இது வந்தால் யார் என்ன செய்ய முடியும்? மருத்துவமனையில் சேர்த்து, டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தி, பி-1 வைட்டமின் ஏற்றி, கை நடுக்கம் அடங்கிய பிறகே பயணம். தூக்க மாத்திரைக்குப் பழகியவர்களுக்கும் இதே கதைதான். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, 'டூர் போகலாம் வாங்க' என்று ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். சத்தியம் செய்ய வேண்டியவர் அவர்.

சரி, பெட்டிக்கு வருவோம். பருத்தித் துணிகள், தோளும் முழங்காலும் மறைகிற மாதிரி. மடமாயிற்றே! கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, இரண்டு துண்டு, கண்ணாடி போடுபவர் என்றால் இன்னொரு கண்ணாடி. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அட்டையோடு வையுங்கள். கூடவே மருந்தின் பெயர், அளவு, எதற்காக என்று ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் கடிதம். தூக்க மாத்திரை வகைகளை 30 நாள் அளவுக்கு மேல் கொண்டு போகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரை அங்கே போதைப் பொருள் சட்டத்தில் வரும். முன் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ஈ-சிகரெட்டும் அங்கே தடை.

பொட்டலம் கட்டிய சூரணம், லேகியம் எதுவும் வேண்டாம். நானே கொடுத்ததாக இருந்தாலும் வேண்டாம்! லேபிள் இல்லாத பொடியைப் பார்த்து சுங்க அதிகாரி என்ன நினைப்பார்? அரிஷ்டம், ஆசவம் என்று வீட்டில் இருக்குமே, அது புளித்துத் தானாகவே ஆல்கஹால் உண்டாகிற மருந்து. குடியை விடுகிறவர் அதையும் விட வேண்டும். டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுபவர் அரிஷ்டம் குடித்தால் முகம் சிவந்து, படபடப்பு, வாந்தி என்று படுத்துவிடுவார். மவுத்வாஷ், டானிக் பாட்டில்களிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஹான்ஸ், குட்கா பொட்டலம் சட்டைப் பையிலேயே ஒளிந்திருக்கும். துழாவிப் பாருங்கள்.

சைவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு சேராத பதார்த்தம் அபூர்வம். 'ஜே' என்று சொன்னால் மாமிசம், மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் தருவார்கள். ஆசையாக ஊறுகாய் கட்டிக் கொடுக்காதீர்கள். ஓங்கரித்துப் புண்ணான தொண்டைக்குக் கஞ்சிதான் சுகம்.

அவர் போன பிறகு வீட்டிலும் வேலை இருக்கிறது. அலமாரி, பரண், ஸ்கூட்டர் டிக்கி, பாத்ரூம் என்று பாட்டில் ஒளிந்திருக்கும் இடமெல்லாம் காலி செய்யுங்கள். குழந்தைகளிடம் 'அப்பா ஆபீஸ் வேலையா போயிருக்கார்' என்று சொல்ல வேண்டாம். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியத்துக்குப் போயிருக்கார்' என்றால் அவர்களுக்குப் புரியும். திரும்பி வரும் வாரத்துக்கு இங்குள்ள மனநல மருத்துவரிடம் இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று விசாரித்து, வரவேற்க ஏர்போர்ட்டுக்குப் போகும்போது கையோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய சிநேகிதர்கள் அங்கே மாலையோடு வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புதான்.