பொதுநலம் எது? தன்னலம் எது?

பொதுநலம் எது என்று கேட்டால், பலருக்கு நன்மையானது என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு நன்மை, பத்துப் பேருக்கு இல்லை என்றால் அது பொதுநலம் ஆகுமா?

நம் செங்கல்பட்டுச் சீமை ஏரிகள் நிறைந்தது. ஏரித் தண்ணீர் ஊருக்கே சொந்தம். தலைமடைக்காரர் தன் வயலுக்குப் பாய்ச்சுவதில் தவறில்லை, அது அவர் பிழைப்பு. வயல் நிறைந்த பிறகும் கடைமடைக்கு விடாமல் அடைத்து வைத்தால், அதுதான் தன்னலம். இதைத் தடுக்கவே நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரார் வைத்தார்கள். மடை திறந்து முறைப்படி பங்கிடுவது அவர் வேலை. பல ஊர்களில் நிலமில்லாத ஏழையே நீர்க்கட்டியாக இருந்தார். சொந்த வயல் இல்லாதவருக்குப் பட்சபாதம் வராது அல்லவா?

ஆனால் ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்ட அவர்களில் பலர், தீண்டாமையால் ஊர்க்கிணற்றில் ஒரு குடம் இறைக்க முடியவில்லை. ஏரியில் பொதுநலம் பார்த்த ஊர், கிணற்றடியில் அதை மறந்துவிட்டது.

அன்றைய திருவிதாங்கூரிலும் இதே கொடுமை இருந்தது. 1833இல் திருச்செந்தூர்க் கடலில் வைகுண்ட அவதாரம் எடுத்த அய்யா, சாமிதோப்பில் முத்திரிக் கிணறு அமைத்தார். எல்லாச் சாதியாரும் அந்த ஒரே கிணற்றில் நீராடி, ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். கடைசியில் நின்றவருக்கும் அதே நீர் கிடைத்தது. கடைசி ஆளுக்கும் வந்து சேர்வதே பொதுநலம் என்று அய்யா செய்தே காட்டினார்.

இன்று சிறுசேரியில் வயல்கள் குறைந்து, சிப்காட் பூங்காவும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. தண்ணீரின் வழி மாறவில்லை. பள்ளிக்கரணை வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போகிறது. இப்படிப்பட்ட நீர்வழியில் ஒருவர் தன் மனைக்காக ஒரு வாய்க்காலைத் தூர்த்தால் அவர் வாசல் காயும். தாழ்ந்த தெருவில் இருப்பவர் வீட்டுக்குள் வெள்ளம் புகும். 2015 டிசம்பரில் தாழ்வான இடங்களில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

ஆகவே எந்தக் காரியத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு நன்மையா? அடுத்தவர் பங்கு குறையுமா? கடைசியில் இருப்பவருக்கு என்ன ஆகும்? முதல் கேள்வியோடு நிறுத்துவது தன்னலம். மூன்றையும் கேட்டு நடப்பது தர்மம்.

நிழல்தாங்கலில் அன்னதர்மம் பரிமாறும்போதே இதைப் பழகலாம். கரண்டியை எடுக்குமுன் வரிசையின் கடைசியை ஒருமுறை பாருங்கள். அங்கே நிற்பவருக்கும் சேர்த்து அளந்து போடுங்கள்.

அய்யா உண்டு.