பந்தி சொல்வது யாது?
ஆங்கிலக் கிரகித்தற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கருக்கு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, பழங்கதை பேசுவதினும், இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பிமாருக்குப் பயன்படும் பாடமொன்றை எழுதுவதே தகும் என எண்ணினேன். பல்லாண்டு ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற முறையில், மாணாக்கர் பெரிதும் அஞ்சும் பகுதியாகிய கிரகித்தலைப் பற்றிச் சில கூறுவேன். இவற்றுட் சில, யான் என் பிழையாற் கற்றவை.

ஒருமுறை வகுப்பிற் சிறு ஆங்கிலப் பந்தியொன்றைக் கரும்பலகையில் எழுதி வினாக்கள் கேட்டேன். பந்தி, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலைப் பற்றியது. ரொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை வாங்கினார் என்பதும், 1938 ஆம் ஆண்டில் அது அமெரிக்காவிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது என்பதுமே அதிற் சொல்லப்பட்டவை. கப்பல் முடிவில் எத்துறைமுகத்தை அடைந்தது என்பது ஒரு வினா. வடமராட்சியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் அதற்கு அரைப் பக்கம் விடையெழுதினான். தன் பாட்டனாரிடங் கேட்ட மாலுமிகளின் கதை முழுவதும் அதில் இருந்தது. விடையாக வேண்டிய துறைமுகத்தின் பெயர் மாத்திரம் இல்லை. சிவப்பு மையாற் பூச்சியம் இட்டேன். அவன் கொப்பியுடன் மேசையருகே வந்து, “சேர், நான் எழுதினது பொய்யோ?” என்று கேட்டான்.

பொய்யன்று, பந்தியில் இல்லாதது. உண்மையானது வேறு, பந்தி சொன்னது வேறு என்பதை யான் அதற்குமுன் ஒருநாளேனும் அவ்வகுப்பிற்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொற்பட்டியல்களை மனனஞ் செய்வித்தேன். பழைய வினாத்தாள்களை எழுதுவித்தேன். வாசிக்கும் முறையைக் கற்பித்தேனில்லை. பூச்சியம் எனக்கே உரியது.

அமெரிக்க உளவியலறிஞர் எட்வேட் தோண்டைக் என்பார், பாடசாலைப் பிள்ளைகள் பந்திகளை வாசித்து எழுதிய பிழை விடைகளை ஆராய்ந்து 1917 இற் கட்டுரையொன்று வெளியிட்டார். வாசித்தல் என்பது சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குதலன்று. கணக்கொன்றைச் செய்வது போலச் சிந்தித்தலே என்பது அவர் கண்ட முடிபு. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய கனத்தைக் கொடுத்து, ஏனையவற்றோடு பொருத்துதல் வேண்டும். ஒரு சொல் அளவுக்கு மிஞ்சிக் கனக்குமாயின் ஏனையவை அமிழ்ந்துபோம். நம் மாணவனுக்கு ‘வல்வெட்டித்துறை’ என்னும் ஒரு சொல் அவ்வாறு கனத்துவிட்டது. இனி, வாசிக்கும் முறையை நான்கு கூறாகக் காண்போம்.

1. எழுவாயையும் பயனிலையையும் பொருத்துக. ‘வல்வெட்டித்துறைத் தச்சராற் கட்டப்பட்ட கப்பல் குளொஸ்ரரை அடைந்தது’ என்பது தமிழ் வாக்கியம். தமிழிலே அடை முன்னும் பெயர் பின்னும் வரும். ஆங்கிலத்திலோ கப்பல் முதலில் வரும். அதன்பின் ‘விச்’ என்னும் சொல்லும், கட்டியவர் யார் என்னும் செய்தியும் வரும். ‘அடைந்தது’ என்னும் பயனிலை அவற்றைத் தாண்டி, வல்வெட்டித்துறை என்னும் பெயரை அடுத்து நிற்கும். அன்றியும், தமிழில் ‘அடைந்தது’, ‘அடைந்தனர்’ என வினைவிகுதியே எழுவாயைக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலத்தில் ‘றீச்ட்’ என்னும் ஒரு வடிவமே கப்பலுக்கும் தச்சருக்கும் பொது. ஆதலின் விரைந்து வாசிப்போன் தச்சரையே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவான். இடையில் நிற்கும் அடையைப் பென்சிலாற் பிறையிட்டு நீக்கி, எஞ்சியதை வாசித்துப் பார்க்க. நம் உரையாசிரியர்கள் செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் கண்டது போன்றதே இதுவும்.

அவ்வாறே ‘தே’ என்னும் சொல் வருமிடத்தில் நிற்க. தமிழில் ‘அவர்கள்’, ‘அவை’ என இரண்டாய் நிற்பது ஆங்கிலத்தில் ஒன்றே. அது யாரை அல்லது எவற்றைச் சுட்டுகின்றது என ஓரத்திற் குறித்த பின்னரே மேலே செல்க.

2. சிறு சொற்களை மதிக்க. நெடுஞ்சொற்களைக் கற்றவன் குறுஞ்சொற்களில் இடறி விழுதலை யான் பன்முறை கண்டிருக்கின்றேன். ‘அ ஃபியூ’ என்றாற் சிலர் உளர் என்பது பொருள். முன்னிற்கும் ‘அ’ நீங்கி ‘ஃபியூ’ மாத்திரம் நிற்பின், மிகச் சிலரே, இல்லையென்று சொல்லத்தக்க அளவினரே என்பது பொருள். ‘ஹாட்லி’ என்பது கடுமையாக என்று பொருள்படாது. அரிதாகவே, இல்லையென்னும்படி என்றே பொருள்படும். ‘அன்லெஸ்’ என்பதனுள்ளே ஓர் எதிர்மறை மறைந்து கிடக்கின்றது. இத்தகைய சொற்களை வாக்கியத்தோடு வைத்தே பழகுதல் வேண்டும்.

3. அறியாத சொற்கண்டு அஞ்சற்க. பரீட்சை மண்டபத்தில் அகராதி இல்லை. அயலில் நிற்கும் வாக்கியங்கள் உள. ‘காற்று அடியோடு நின்றது, பாய்க்கப்பல் மூன்று நாள் பிகாம்ட் ஆகிக் கிடந்தது, நான்காம் நாள் காற்று எழ, மீண்டும் நகர்ந்தது’ என்று ஒரு பந்தி கூறின், இடையிலுள்ள சொல்லை முன்பு கண்டிராதவனும், அசைவற்றுக் கிடந்தது என்று துணியலாம். அச்சொல்லுள் அமைதியைக் குறிக்கும் ‘காம்’ இருப்பதும் துணையாகும்.

4. சொன்னது, சொன்னதாற் பெறப்படுவது, சொல்லாதது என மூன்றாகப் பிரிக்க. கப்பல் குளொஸ்ரரை அடைந்தது என்பது சொன்னது. அது பெருங்கடலைக் கடக்கும் வலிமையுடையது என்பது சொன்னதாற் பெறப்படுவது. வினா உய்த்துணரும்படி கேட்டால் அதனை எழுதலாம். மாலுமிகள் எவ்வூரவர் என்பது அப்பந்தி சொல்லாதது. நாம் அறிந்திருப்பினும் அங்கு எழுதலாகாது. ஒவ்வொரு விடையையும் எழுதுமுன், ‘இதற்கு ஆதாரமான வரி எது?’ என்று கேட்டு, அவ்வரியில் விரலை வைக்க. விரல் வைக்க இடமில்லையாயின் அவ்விடையை விடுக.

நாடோறும் கால்மணி நேரம் இதற்குப் போதும். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பந்தியைத் தெரிந்து, அகராதியின்றி முற்றாக வாசிக்க. பின்பு பத்திரிகையை மூடி, அதன் கருத்தை ஒரே தமிழ் வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்க. மீண்டும் திறந்து ஒப்பிட்டு, விட்டது எது, கூட்டியது எது எனப் பார்க்க. அகராதி அதன்பின்பே வருக. பரீட்சையிலோ, வினாக்களை ஒருமுறை நோக்கி, பந்தியை முழுதும் வாசித்து, மீண்டும் வினாவுக்குரிய வரியைத் தேடுக. காரணங் கேட்டாற் காரணத்தையும், இடங் கேட்டால் இடத்தையும் எழுதுக. பந்தியின் வரிகளை அப்படியே பெயர்த்தெழுதிப் பக்கத்தை நிரப்பற்க.

வீட்டில் ஆங்கிலம் பேசக் கேளாத பிள்ளைகளே நம்முட் பலர். பேச்சிலும் கட்டுரையிலும் அக்குறை தோன்றலாம். கிரகித்தலிலோ விடை எல்லார் முன்னும் ஒரே தாளிற் கிடக்கின்றது. பொறுமையுடையோன் அதனை எடுத்துக்கொள்வான். பழைய மாணவராகிய அன்பர்கள் மாலைப்பொழுதில் ஒரு மாணவனோடு அமர்ந்து ஒரு பந்தியை வாசித்தால், அது நன்கொடையினும் பெரிதாகும். பரீட்சை முடிந்த பின்னும் காணி உறுதியையும் கடன் ஒப்பந்தத்தையும் நாம் வாசித்தே கையொப்பமிடுகின்றோம். அங்கே நாம் விரும்பியதை வாசித்தால் இழப்பது புள்ளிகள் அல்ல.

மறுவாரம் அம்மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி, பாட்டனார் சொன்ன கதையைச் சொல்லச் செய்தேன். வகுப்பு முழுவதும் மகிழ்ந்து கேட்டது. அடுத்த தவணைப் பரீட்சையில் அவனுடைய விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரியில் அமைந்திருந்தன. எல்லாம் சரியாகவும் இருந்தன.