பள்ளி மாணவரும் போதைப் பழக்கமும்

புனேயின் வாகட் பகுதிப் பள்ளிகளுக்கும் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொருந்தும்: கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலை விற்றலாகாது. ஆயினும் தடை மட்டுமே போதாது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முகர்ந்து போதை கொள்ளும் பழக்கம் வயது வந்தோரிடம் 0.58 சதவீதம்; 10 முதல் 17 வயதினரிடமோ 1.17 சதவீதம். இதற்குப் பயன்படும் பசையும் எழுத்தழிக்கும் திரவமும் எழுதுபொருட் கடையிலேயே கிடைப்பவை. எனவே, ஆசிரியரின் கவனமே முதற்காவல்.

பழக்கத்திற்கு ஆளான மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்குதல் தீர்வன்று. அது சிகிச்சைக்குரிய நோய். அவசட் தம்பதியர் 1986-இல் புனேயில் தொடங்கிய முக்தாங்கண் மையம், மருத்துவத்துடன் ஆலோசனையையும் குடும்பத்தாரின் பங்கேற்பையும் இணைத்தது. சிகிச்சைக்குப் பின் மாணவன் படிப்பைத் தொடரப் பள்ளியும் பெற்றோரும் துணைநிற்றல் வேண்டும்.